எழுதியாயிற்று என்று சொன்னது யார்?

ஆனித் திருவிழா நெருங்கிய சமயம். நெல்லையப்பர் தேருக்கு முந்தைய நாட்களில் திருநெல்வேலி டவுணில் எந்த அச்சகத்துக்குள் நுழைந்தாலும் நோட்டீஸ் வேலைதான் நடக்கும். வாகையடி முக்குப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன அச்சகம், டி.டி.பி. வேலையும் அங்கேயே. ஒரு மண்டகப்படி நோட்டீஸின் கடைசித் திருத்தத்தைப் போட்டு, 'சேவ்' கொடுத்த கையோடு கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். பேட்டரி செத்து மாதக்கணக்காகியிருந்தது. கரண்ட் வந்து கணினி எழுந்ததும் பையன் கூப்பிட்டான்: “அண்ணாச்சி, பைல் இருக்கு. சைஸ்கூட சரியாத்தான் காட்டுது. தொறந்தா ஒண்ணுமே இல்ல.”

“சேவ் குடுத்தியாலே?”

“குடுத்தேன் அண்ணாச்சி. ஆயிட்டுன்னுதான் காட்டிச்சு.”

நானும் பார்த்தேன். பெயர் சரி, தேதி சரி, அளவும் சரி. உள்ளே முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை பூஜ்யம். வட்டைச் சோதிக்கச் சொன்னால், பழுது எதுவும் இல்லை என்று விண்டோஸ் பதில் சொன்னது. அது பொய் சொல்லவில்லை. அதன் கணக்கில் எல்லாம் நேராகத்தான் இருந்தது. அந்தக் கணக்கில் நோட்டீஸின் வாசகம் சேர்த்தியில்லை, அவ்வளவே. கோப்பு முறைமைகள் எதைக் காப்பதாக வாக்களிக்கின்றன, எதை நம் தலையில் விடுகின்றன என்ற கேள்வி என்னை அன்று பிடித்துக்கொண்டது.

'சேவ்' என்பது நமக்கு ஒரு சொடுக்கு. வட்டுக்கு அது நாலைந்து தனித்தனி வேலை. வாசகத்தைக் காலியான கட்டங்களில் எழுத வேண்டும். அந்தக் கட்டங்கள் இனிக் காலி இல்லை என்று இட வரைபடத்தில் குறிக்க வேண்டும். இந்தக் கோப்பு இன்னின்ன கட்டங்களில் இருக்கிறது, இவ்வளவு நீளம் என்று கோப்பின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெயர்ப்பட்டியலில் சேர்க்க வேண்டும். இவை வட்டின் வெவ்வேறு மூலைகளில் இருப்பவை. வட்டு ஒரே மூச்சில் எழுதித் தருவதாக ஏற்பது ஒரு பிரிவை மட்டுமே. 512 பைட் அல்லது 4,096 பைட். இரண்டு வேலைக்கு நடுவே மின்சாரம் போனால்? கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டது, பட்டா இன்னும் பழையவர் பெயரில், அடங்கலில் மூன்றாவது ஒருவர். நிலம் வாங்கிய யாருக்கும் இந்த நிலை புதிதல்ல.

முதல் தலைமுறை மருந்து, கணினி எழுந்ததும் வட்டு முழுவதையும் அளந்து பார்ப்பது. ஒவ்வொரு பதிவேட்டையும் இட வரைபடத்தோடு ஒப்பிட்டு, முரண்பட்டதைச் சரிசெய்வது. வட்டுகள் சிறியனவாக இருந்தவரை சரி. பெரிதானபோது இந்த அளவை மணிக்கணக்கில் ஓடியது. பென்டிரைவில் இன்றும் புழங்கும் 'ஃபாட்' முறை வேறொரு யோசனை செய்தது: இடப் பட்டியலையே இரண்டு பிரதி வைத்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எது சரி என்று சொல்ல அதனிடம் வழி இல்லை. இரண்டு சாட்சிகள் மாற்றி மாற்றிச் சொன்னால் வழக்கு நகராது.

அடுத்து வந்தது 'ஜர்னல்'. இதை விளக்க நம் கடைக் கணக்கைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய கடைகளில் அன்றைய வரவு செலவு முதலில் சிட்டையில் ஏறும். பிறகுதான் பேரேட்டில் அவரவர் பக்கத்துக்குப் போகும். பேரேடு எழுதும்போது பாதியில் எழுந்து போனாலும் சிட்டையைப் பார்த்து மறுபடி ஏற்றலாம். கோப்பு முறைமையும் தான் செய்யப்போகும் மாற்றங்களை ஒரு தனி இடத்தில் வரிசையாக எழுதி, முடிவில் ஒரு முத்திரைக் கட்டம் வைக்கிறது. அதன் பிறகே உரிய இடங்களுக்குப் போகிறது. மின்சாரம் போய் வந்தால் முத்திரை உள்ள மாற்றங்களைத் திரும்ப நடத்துகிறது. முத்திரை விழாததைத் தூக்கிப் போடுகிறது. ஒரே மாற்றத்தை இரண்டு முறை நடத்தினாலும் கெடுதல் இல்லாதபடி அமைத்திருப்பதுதான் இதன் சாமர்த்தியம். மணிக்கணக்கில் நடந்த அளவை நொடிகளுக்குச் சுருங்கியது.

1993-இல் விண்டோஸ் என்.டி.யோடு வந்த என்.டி.எஃப்.எஸ். இந்த வழியில் பிறந்தது. லினக்ஸில் 2001-இல் எக்ஸ்ட்3 இதைக் கொண்டுவந்தது. ஆனால் எல்லாவற்றையும் சிட்டையிலும் எழுதிப் பேரேட்டிலும் எழுதினால் வேலை இரட்டிப்பாகும். எனவே கணக்குப்பிள்ளைகள் ஒரு சிக்கனம் செய்தார்கள்: பெயர், நீளம், இடம் போன்ற விவரங்களுக்கு மட்டும் சிட்டை. உள்ளடக்கத்துக்குக் கிடையாது. எக்ஸ்ட்3 மூன்று விதம் கொடுத்தது. அதன் வழக்கமான நடைமுறையில் உள்ளடக்கம் முதலில் வட்டுக்குப் போய்ச் சேரும், அதன் பிறகே விவரங்களுக்கு முத்திரை. முழுவதையும் சிட்டையில் ஏற்றும் முறையும் உண்டு. அதை இயக்கியவர்கள் குறைவு. என்.டி.எஃப்.எஸ். விவரங்களோடு நிறுத்திக்கொண்டது. அச்சகத்தில் நடந்தது இதுதான். கோப்பின் புது நீளம் சிட்டை வழியாகப் பிழைத்தது, வாசகம் நினைவகத்திலேயே நின்று கரண்டோடு போனது. எழுதப்படாத இடத்தைப் படித்தால் பூஜ்யமாகக் காட்டு என்பது விதி. பூஜ்யமாகக் காட்டியது.

ஜர்னல் உள்ள முறைமை என்றால் தரவு பத்திரம் என்று கடைக்காரர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஜர்னல் காப்பது முதலில் கோப்பு முறைமையைத்தான். நம் கோப்பு அதில் குடியிருப்பவர் மட்டுமே.

இதுவரை சொன்னதெல்லாம் வட்டு நேர்மையானது என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. வட்டுக்குள்ளேயே ஒரு சிறு நினைவகம் இருக்கிறது. எழுதச் சொன்னதை அங்கே வாங்கி வைத்துக்கொண்டு, தகட்டில் பதியும் முன்பே 'ஆயிற்று' என்று பதில் சொல்லிவிடும். தன் வசதிக்கு வரிசையையும் மாற்றிக்கொள்ளும். முத்திரை முதலில் விழுந்து, அது முத்திரையிட்ட சங்கதி பின்னால் வந்தால் சிட்டைக்கு என்ன மதிப்பு? இதைத் தடுக்க, கையில் இருப்பதையெல்லாம் இறக்கிவிட்டு மேலே போ என்று வட்டுக்குக் கட்டளையிடும் வசதி உண்டு. வேகம் குறையும் என்பதால் எக்ஸ்ட்3-இல் அதைப் பல ஆண்டுகள் இயக்காமலே வைத்திருந்தார்கள். எக்ஸ்ட்4 வந்த பிறகுதான் அது இயல்பு நிலையானது. ஆப்பிள் கணினிகளில் நிலைமை இன்னும் வேடிக்கை. எழுதியதை வட்டுக்கு அனுப்பச் சொல்லி மென்பொருள்கள் விடுக்கும் 'எஃப்சிங்க்' என்ற வழக்கமான அழைப்பு வட்டின் உள்நினைவகத்தை இறக்கச் சொல்வதில்லை. அதற்கு வேறொரு தனி அழைப்பு உண்டு என்று அந்தக் கணினியின் கையேடே சொல்கிறது.

எஸ்.எஸ்.டி. வந்தால் இது தீரும் என்று நினைத்தவர்கள் உண்டு. 2013-இல் ஓர் ஆய்வுக்குழு 15 எஸ்.எஸ்.டி.களை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் மீண்டும் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தது. 13 ஏதாவது ஒரு விதத்தில் தவறின. தரவு கெட்டது, எழுதியது காணாமல் போனது, ஒன்று எழுந்திருக்கவே இல்லை. மின்சாரம் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கப் போதுமான மின்தேக்கி வைத்த எஸ்.எஸ்.டி.கள் இருக்கின்றன, விலை அதிகம். நம் ஊருக்கு நல்ல யு.பி.எஸ். பேட்டரி மலிவு.

இந்தத் துறையில் 2000-க்குப் பிறகு நடந்த முக்கிய ஆய்வுகள் பலவும் ஓரிடத்திலிருந்து வந்தவை: அமெரிக்காவில் மேடிசன் நகரின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ரெம்சி, ஆண்ட்ரியா ஆர்ப்பாச்சி-டுசோ இருவரும் நடத்தும் குழு. அந்தக் கட்டுரைகளின் முதல் பெயர்களைப் படித்தால் நம்மூர் கல்யாணப் பத்திரிகையைப் படிப்பதுபோல் இருக்கும். விஜயன் பிரபாகரன், லட்சுமி பைரவசுந்தரம், விஜய் சிதம்பரம், தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, ராம்நாதன் அழகப்பன், ஐஸ்வர்யா கணேசன். தாணுமாலயன் சுசீந்திரத்து சுவாமியின் பெயர். இங்கிருந்து நாகர்கோவில் பஸ் ஏறினால் போய்விடலாம். தமிழ்ப் பத்திரிகைகளில் இவர்கள் வேலையைப் பற்றி நான் ஒரு வரி படித்ததில்லை.

பிரபாகரனும் மற்றவர்களும் 2005-இல் செய்தது எளிய, கொடிய சோதனை. வட்டுக்கும் கோப்பு முறைமைக்கும் நடுவே உட்கார்ந்து, வேண்டுமென்றே பிழைகளை நுழைத்தார்கள். எழுத முடியவில்லை என்று வட்டு நேர்மையாகத் திருப்பிச் சொன்னபோதுகூட எக்ஸ்ட்3 பல இடங்களில் அதைக் காதில் வாங்காமல் மேலே நடந்தது.

பைரவசுந்தரத்தின் 2008 ஆய்வு இன்னும் பெரியது. நெட்ஆப் நிறுவனத்தின் சேமிப்பகங்களில் இருந்த 15 லட்சத்து 30 ஆயிரம் வட்டுகளின் 41 மாதப் பதிவுகளை அலசியது. சத்தமில்லாமல், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் கெட்டுப்போன கட்டங்கள் 4 லட்சத்துக்கு மேல். மலிவு வகை வட்டுகளில், விலை உயர்ந்தவற்றைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. கெடும் விதங்களில் இரண்டு என்னை உறுத்துகின்றன. ஒன்று, எழுதியதாகச் சொல்லிவிட்டு எழுதாமலே விடுவது: அந்த இடத்தில் பழையது அப்படியே இருக்கும். மற்றது, சரியான சங்கதியைத் தவறான இடத்தில் எழுதுவது: ஒரே தவறில் இரண்டு இடம் கெடும். ஒன்றில் வர வேண்டியது வரவில்லை, இன்னொன்றில் இருந்தது அழிந்தது.

இதைக் கண்டுபிடிக்க வழி 'செக்சம்', அதாவது சரிபார்ப்புத் தொகை. ஒரு கட்டத்தின் பைட்களை ஒரு கணக்கில் போட்டு வரும் சிறு எண். பிறகு படிக்கும்போது மறுபடி கணக்கிட்டு, எண் மாறியிருந்தால் கட்டம் கெட்டது என்று அறியலாம். அந்த எண்ணை எங்கே வைப்பது? கட்டத்தின் பக்கத்திலேயே வைத்தால், எழுதாமல் விட்ட பிழை பிடிபடாது. பழைய கட்டமும் பழைய எண்ணும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தி நிற்கும்.

விடைக்கு ஆழ்வார்திருநகரி வரை ஒரு நடை போய் வருகிறேன். தாமிரபரணிக் கரையில், திருச்செந்தூர் போகும் பாதையில் உள்ள ஊர். பழைய பெயர் குருகூர். நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரங்கள், பத்துப் பத்தாக. பெரும்பாலும் ஒவ்வொரு பத்தின் முடிவிலும், பாடியவர் யார், எந்த ஊர், மொத்தம் ஆயிரம், அதில் இது ஒரு பத்து என்ற குறிப்பு பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள் காதில் குடந்தைப் பெருமாளைப் பற்றிய ஒரு பத்து மட்டும் விழுந்தது, ஆயிரத்தில் பத்து என்றால் மீதி எங்கே என்று தேடிக் குருகூருக்கு வந்தார் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. கதையின் மற்றப் பகுதியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். தொலைந்தது எவ்வளவு என்பதைக் கிடைத்த துண்டே சொன்னது என்ற இடம்தான் எனக்கு முக்கியம். கட்டம் ஒவ்வொன்றும் தான் யார், எதில் எத்தனையாவது என்று தன்மேலேயே எழுதிவைத்திருந்தால், இடம் மாறி எழுதப்பட்ட கட்டம் உடனே மாட்டிக்கொள்ளும். சேமிப்பகப் பொறியாளர்கள் இதைச் செய்கிறார்கள்.

திருவாய்மொழி அந்தாதியும்கூட. ஒரு பாசுரத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கம். வரப்போகும் பாட்டின் அடையாளம் முந்தைய பாட்டின் கையில் இருக்கிறது. நடுவில் ஒன்றை உருவினால் தொடர் அறுந்து தெரியும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மாத்யூ அரன்ஸ் ஆகியோர் உருவாக்கி 2005-இல் திறந்த மூலநிரலாக வெளிவந்த இசட்.எஃப்.எஸ். இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் சரிபார்ப்புத் தொகையும் அந்தக் கட்டத்தைச் சுட்டும் மேல்கட்டத்தில் இருக்கும். மேல்கட்டத்தின் தொகை அதற்கும் மேலே. உச்சியில் ஒரே ஒரு தலைக்கட்டம். கீழே ஒரு கட்டம் எழுதப்படாமல் பழையதாக நின்றாலும் மேலே உள்ள எண் ஒத்துக்கொள்ளாது. ஒப்புமை இதற்கு மேல் ஓடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தாதி காப்பது ஓரங்களை. நடுவில் ஒரு சொல் மாறினால் எதுகையோ தளையோ தட்டிக் காட்டலாம். அதே அசையுள்ள வேறு சொல் நுழைந்தால் அதுவும் காட்டாது. பாடபேதங்கள் பிறந்த இடம் அதுதான். 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிக் கவிராயர் வீடுகளுக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் அலைந்தார். பல ஏடுகளை ஒப்பிடாமல் பதிப்பிக்க முடியாது என்பதே காரணம்.

இசட்.எஃப்.எஸ். பழைய கட்டத்தின்மேல் எழுதுவதே இல்லை. புதியதைக் காலி இடத்தில் எழுதி, அதைச் சுட்டும் மேல்கட்டத்தையும் புதிதாக எழுதி, கடைசியில் தலைக்கட்டத்தை மாற்றும். தலைக்கட்டமும் ஒன்றல்ல, வட்டின் முன்பக்கம் இரண்டும் பின்பக்கம் இரண்டுமாக நான்கு இடங்களில் வரிசையாக வைத்திருக்கும். எழும்போது, தொகை சரியாக உள்ளவற்றில் மிகப் புதியதை எடுத்துக்கொள்ளும். நடுவே மின்சாரம் போனால் பழைய மரம் அப்படியே நிற்கிறது. நெட்ஆபின் முறைமையும் 1990-களிலேயே இந்த வழியில் போனது. லினக்ஸில் பி.டி.ஆர்.எஃப்.எஸ். இதே குடும்பம், ஃபெடோரா லினக்ஸின் மேசைப் பதிப்பு 2020 முதல் இதையே இயல்பாக நிறுவுகிறது.

இவ்வளவு இருந்தும், எழுதும் மென்பொருள் கவனமில்லாமல் இருந்தால் பயன் இல்லை. பழைய கோப்பின்மேல் நேரே எழுதக் கூடாது. புதுப் பெயரில் எழுதி, 'எஃப்சிங்க்' கேட்டு, பிறகு பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். நடுவில் உள்ள அந்தக் கேள்வியைப் பலர் விட்டுவிட்டார்கள். எக்ஸ்ட்3-இல் அவர்கள் கோப்புகள் தற்செயலாகப் பிழைத்தன. எழுதுவதைத் தள்ளிப்போடும் எக்ஸ்ட்4 புழக்கத்துக்கு வந்த 2009-இல், கணினி விழுந்து எழுந்தபின் பூஜ்ய நீளக் கோப்புகளைக் கண்டு பயனர்கள் கொதித்தார்கள். தாணுமாலயன் குழு 2014-இல் கிட், எஸ்கியூலைட் உள்ளிட்ட 11 மென்பொருள்களைச் சோதித்து 60 ஓட்டைகளைக் கண்டது. ஒரு கோப்பு முறைமையில் பத்திரமாக ஓடுவது இன்னொன்றில் ஏன் கவிழ்கிறது என்பதும் அதில் விளங்கியது. எழுதும் வரிசைக்கு எந்த முறைமை எவ்வளவு உத்தரவாதம் தருகிறது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஒவ்வொரு நிரலாளரும் ஒவ்வொன்றை ஊகித்தார்.

2018-இல் போஸ்ட்கிரஸ் தரவுத்தளக்காரர்கள் கண்டது எனக்கு இந்த வரலாற்றிலேயே மோசமானதாகத் தோன்றுகிறது. 'எஃப்சிங்க்' தோற்றால் மறுபடி கேட்டுப் பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். லினக்ஸோ முதல் முறை தோற்றதும் எழுதப்படாத அந்த நினைவகப் பக்கங்களை 'எழுதியாயிற்று' என்று குறித்துவிட்டு, இரண்டாம் முறை வெற்றி என்றது. இருபது ஆண்டுகளாக நம்பிய அழைப்பு. இப்போது அந்தத் தரவுத்தளம், முதல் தோல்வியிலேயே தன்னை நிறுத்திக்கொண்டு தன் சிட்டையிலிருந்து மீண்டு வருகிறது.

நம் வீட்டிலும் கடையிலும் இருப்பவை எந்த நிலையில்? விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸின் எக்ஸ்ட்4, 2017-இல் வந்த ஆப்பிளின் ஏ.பி.எஃப்.எஸ். மூன்றிலும் கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்புத் தொகை இல்லை. எக்ஸ்ட்4-உம் ஏ.பி.எஃப்.எஸ்.ஸும் தங்கள் விவரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கின்றன. கல்யாணப் போட்டோ, கடைக் கணக்கு, பத்திர நகல் ஆகியவற்றில் ஒரு பைட் மாறினால் முறைமைக்குத் தெரியாது. கெட்டதை நல்லதென்று நம்பி அன்றாட பேக்கப்பும் எடுத்துக்கொள்ளும். சில வாரங்களில் பழைய நல்ல பிரதி அதன்கீழ் புதைந்துவிடும். ஒற்றை வட்டில் இசட்.எஃப்.எஸ். வைத்தால் கெட்டதை மீட்க முடியாமல் போகலாம், ஆனால் கெட்டது என்று சொல்லிவிடும். சொல்வதே பெரிய உதவி. இவ்வளவு வேகமான செயலிகள் வந்த பிறகும் இதை இயல்பு நிலையாக்காதது, என் கருத்தில், தயாரிப்பாளர்களின் சோம்பல்.

எந்தக் கோப்பு முறைமையும் தண்ணீருக்குப் பதில் சொல்லாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் கணினியும், அதற்குப் பக்கத்திலேயே பேக்கப் வட்டும் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே இரவில் போயின. ஆற்றுக்கு நடுவே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலில் வெள்ளம் ஏறும் என்று தெரிந்தால், உற்சவரையும் உண்டியலையும் முன்கூட்டியே கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் அங்கேயே நீருக்குள் இருப்பார்.

மண்டகப்படி நோட்டீஸ் கடைசியில் பிழைத்தது, வாடிக்கையாளரின் போனில். முதல் நாள் பிழை பார்ப்பதற்காக வாட்ஸ்அப்பில் அனுப்பிய பி.டி.எஃப். அது. அதன்பின் போட்ட இரண்டு திருத்தங்கள் அதில் இல்லை. ஒன்று பையனுக்கு நினைவிருந்தது. மற்றது உபயதாரர் ஒருவரின் தலைப்பெழுத்து. அது தப்பாகவே அச்சாகி, தேரோட்டத்தன்று ரதவீதி முழுக்க ஒட்டியிருந்தது.